பின்சீட்டு எடை

ஒரு வண்டியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஓட்டுகிறவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை ஐயா. பின்னால் உட்கார்ந்து வருகிறவரைத்தான் கேட்க வேண்டும். ஓட்டுகிறவர் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். கையை இறுக்கிக்கொள்கிறார், இடுப்பை லேசாகத் தூக்கிக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. முன்னால் இருக்கிற முதுகை நம்பி உட்கார்ந்திருப்பார். அதனால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

வாசலில் நிற்பது உங்கள் வண்டிதானே. பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது. வீட்டில் ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் இன்னும் மோசம், சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மன்னிக்கவும், தொழில் புத்தி. நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது, பின்னால் கொட்டகையில் கிடக்கிற வண்டியை எடுத்துப் போகக் கையெழுத்து வாங்க. என் தங்கை வீட்டுக்காரர் அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார், அதனால் என்னை அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும், பேனாவை மூடாதீர்கள்.

என் தொழில், ஒரு வண்டியின் ஷாக் அப்சார்பரை இன்னொரு வண்டிக்குப் பொருத்திக் கொடுப்பது. சின்ன வண்டிகளில் பின்னால் ஒரே ஒரு ஷாக் வைத்திருப்பார்கள். ஒரு ஆளைத் தாங்கும். இரண்டாவது ஆள் ஏறினால் முனகும். பெரிய வண்டிகளில் நல்ல ஷாக் இருக்கும். அந்தப் பெரிய வண்டி எங்காவது முன்பக்கம் மோதி நசுங்கி, பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தால், பின்பக்கத்து ஷாக் பெரும்பாலும் புத்தம் புதிதாக இருக்கும். அதைக் கழற்றி வந்து, நீளம் பார்த்து, போல்ட் தடிமனுக்கு ஏற்றபடி லேத்தில் புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து மாட்டினால், சின்ன வண்டியும் பெரிய மனுஷனாகிவிடும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஷாக்கில் ஒரு விரல்கடை வித்தியாசம் என்றால் சக்கரத்தில் அது மூன்று விரல்கடை. அங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள்.

நாங்கள் விட்டதில்லை. நாங்கள் என்றால் நானும் என் தங்கையும். அப்பா அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் வளர்த்தேன். தலைவாரி விட்டது முதல் கணக்குச் சொல்லிக் கொடுத்தது வரை. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. முப்பத்தாறு வயதிலும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஷாக் மாட்டி முடித்ததும் நான் ஓட்டுவேன், அவள் பின்னால் உட்காருவாள். கண்ணை மூடிக்கொள்வாள். தெருமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விட்டு எடுத்துத் திரும்புவேன். இறங்கியதும் தீர்ப்புச் சொல்வாள். "எறங்குறது நல்லா எறங்குது, ஏறும்போது உதைக்குதுண்ணே." அவ்வளவுதான், மறுபடி கழற்ற வேண்டியதுதான். அவள் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை. வாடிக்கையாளர்கள், "தொழில் உனக்கா உன் தங்கச்சிக்கா?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

இன்னொரு வழக்கம் அவளே கண்டுபிடித்தது. பள்ளிப் பிள்ளைகள் பொம்மை செய்கிற மஞ்சள் களிமண் இருக்கிறதே, அதில் ஒரு உருண்டையை மட்கார்டின் உள்பக்கம், டயருக்கு நேர் மேலே அப்பிவிடுவாள். அந்த இடத்தில் மட்கார்டைப் பிடித்திருக்கிற ஒரு போல்ட் இருக்கும். வண்டியைப் பள்ளத்தில் விட்டு வந்ததும் குனிந்து பார்ப்பாள். களிமண்ணில் டயரின் தடம் விழுந்திருந்தால் சக்கரம் அளவுக்கு மீறி மேலே ஏறுகிறது என்று பொருள். இன்றைக்குக் களிமண்ணைத் தொட்டது நாளைக்கு போல்ட்டைத் தொடும். போல்ட் டயரைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணில் தடம் விழுந்தால் வண்டி கடையை விட்டுப் போகாது. எங்கள் கடையின் சட்டம் அது.

அவளுக்கு வரன் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். வந்தவர்களையெல்லாம் நான் கவனமாகத்தான் பார்த்தேன். ஒருவன் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஓட்டினான், அப்படிப்பட்டவன் குடும்பத்தையும் அப்படித்தான் ஓட்டுவான். இன்னொருவன் செயினுக்கு எண்ணெய் விட்டு வருஷமாகியிருந்தது. மற்றொருவரிடம் குறை ஒன்றும் தெரியவில்லை. குறையே தெரியாதவரை எப்படி நம்புவது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் அடுத்த வண்டிக்குக் களிமண் உருட்டப் போய்விட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு லிஃப்ட்காரர் வந்தார். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆள் பெரிய உடம்பு. சின்ன வண்டியில் அவர் உட்கார்ந்து வந்தால் வண்டி கண்ணுக்கே தெரியாது. கடைக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஊர்ல உள்ளவங்களையெல்லாம் மேல ஏத்திவிடுறேன். என் வண்டி என்னடான்னா என்னைக் கீழ எறக்கிட்டே போகுது" என்றார்.

என் தங்கை சிரித்தாள். சாதாரண வேடிக்கைதான், அதற்கு அவ்வளவு சிரிக்க வேண்டியதில்லை.

அவர் வண்டிக்கு ஸ்பிரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பரீட்சை பார்க்க நான் சாவியை எடுத்தபோது அவர், "என் எடைக்குத்தானே பாக்கணும், நானே ஓட்டுறேனே" என்றார். நியாயமான பேச்சு. என் தங்கை அவருக்குப் பின்னால் ஏறினாள். வேறு ஒருவர் முதுகுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பள்ளத்தில் விட்டுத் திரும்பி வந்தார்கள். அவள் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "தெரியலண்ணே, கவனிக்கல" என்றாள்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் கலாட்டா செய்கிற ஆள் இல்லை. அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். காலையில் அவர் வேலைக்குப் போனதும் அவள் கடைக்கு வந்துவிடுவாள், சாயங்காலம் வரை இருப்பாள். களிமண் வைப்பாள், பின்னால் உட்காருவாள். அவர் என்னை வாய் நிறைய மச்சான் என்பார். எனக்கு மாப்பிள்ளை என்று சொல்ல நாக்கு எழவில்லை, 'வாங்க, போங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவரிடம் குறை எதுவும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கோபப்பட மாட்டார். அவள் சமைத்ததை ருசித்துச் சாப்பிட்டு, என்னிடமே வந்து, "மச்சான், கைப்பக்குவம் உங்ககிட்ட கத்துக்கிட்டதாமே" என்பார். அப்படியே இருந்திருந்தால் நான் கடைசி வரை ஒன்றும் செய்திருக்க மாட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு மாற்றல் வந்தது. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய மலைப்பக்கத்து ஊர், புதிதாக மாடிக் கட்டடங்கள் எழும்புகிறதாம். அவள் கடைக்கு வந்து சொன்னாள். நான் ஒரு புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்தேன், லேத்தை நிறுத்தவில்லை.

"அண்ணே, வண்டியிலயே போறதா இருக்கோம். அந்த ரோடு அவ்வளவு நல்லா இருக்குமாம் பாக்க. ஆனா எனக்கு இடுப்பு தாங்காது. பின்னாடி கொஞ்சம் மெத்துன்னு பண்ணிக் கொடேன்."

"நீ பஸ்ல போ பாப்பா."

"பஸ்ல போனா ரோடு எங்க தெரியும்?"

"அவ்வளவு தூரம் பின்னாடி உக்காரக் கூடாது. பஸ்லதான் போகணும்" என்றேன்.

சின்ன வயதிலிருந்தே அவளிடம் ஒன்றைக் கூடாது என்று சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அது எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். ஆனாலும் நான் பஸ்ஸில் போகச் சொன்னேன். அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

பழைய இரும்புக் கடையில் நல்ல ஷாக் ஒன்று கிடைத்தது. பெரிய வண்டியினுடையது, பக்கத்தில் வாயு அடைத்த குப்பி வைத்தது. அந்த மாதிரிச் சரக்கு எப்போதாவதுதான் அமையும். அதன் குணத்தைச் சொல்கிறேன், இது முக்கியம். நீட்டி வைத்தால் பழைய ஷாக்கைவிட நீளம். முழுக்க அமுக்கினால் பழைய ஷாக்கைவிடக் குட்டை. அதாவது சக்கரம் கீழேயும் கூடுதலாக இறங்கும், மேலேயும் கூடுதலாக ஏறும். அதனால்தான் மெத்தை மாதிரி இருக்கும். மேலே ஏறுவதை ஒரு அளவோடு நிறுத்த, தண்டில் ஒரு தடித்த ரப்பர் வளையம் போட வேண்டும். கடைசி நேரத்தில் சக்கரம் அதில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஷாக்கில் இருந்த ரப்பர் இற்றுப்போயிருந்தது, பிய்த்து எறிந்தேன். புதிது ஒன்று வாங்கினேன்.

இதோ, உங்கள் மேஜையில் வைக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள். புத்தம் புதிது, ஒரு கீறல் இல்லை. இது வண்டியில் இருந்திருக்க வேண்டும்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். தலைக்கு மேல் வேலை, கைமறதி, யாருக்கும் நடப்பதுதான். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் தொழிலில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, மறந்தேன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. மறக்கவில்லை ஐயா. போடாமல் விட்டேன்.

மற்ற வேலையெல்லாம் சுத்தமாகச் செய்தேன். புஷ்ஷை எஃகில் கடைந்தேன், அலுமினியத்தில் கடைந்தால் சீக்கிரம் தேயும். செயினுக்குத் தொய்வு சரிபார்த்தேன். வண்டி உயர்ந்ததால் பக்கவாட்டு ஸ்டாண்ட் குட்டையாகத் தெரிந்தது, அதற்கு அடியில் ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தேன். நிறுத்தும்போது அவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது அல்லவா. என் கைவேலையில் இதுதான் சிறந்தது என்று அடித்துச் சொல்வேன். கொட்டகையில் போய்ப் பாருங்கள், அவ்வளவு அடிபட்டும் ஷாக் அசையவில்லை.

வண்டியைக் கொடுப்பதற்கு முதல் நாள் அவள் வந்தாள். வீட்டில் சாமான் கட்டுகிற வேலை, கையெல்லாம் கயிற்றுத் தடம். வந்ததும் நேராக வண்டியிடம் போனாள்.

"களிமண் வச்சுப் பாத்தியாண்ணே?"

"பாத்தேன்."

"என்னை விட்டுட்டா?"

"நீ சாமான் கட்டிக்கிட்டு இருந்த. நானே பாத்துட்டேன்."

"தடம் விழுந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

அவள் மட்கார்டின் அடியில் எட்டிப்பார்க்கக் குனிந்தாள். அவளுக்குக் குனிகிற வழக்கம் அப்படி, ஒரு கையைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு தலையைச் சாய்ப்பாள். இன்னும் ஒரு சாண் தலை இறங்கியிருந்தால் பார்த்திருப்பாள்.

"பாப்பா, துணி அழுக்காகும். ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு? நான்தான் பாத்துட்டேன்னு சொல்றேனே" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரித்து, "நீ பாத்தா சரி" என்றாள். இத்தனை வருஷத்தில் களிமண்ணைப் பார்க்காமல் அவள் ஒரு வண்டியை அனுப்பியதில்லை. அந்த ஒரு தடவைதான் என்னை நம்பினாள்.

ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் ஆடிப் பார்த்தாள்.

"அண்ணே, தொட்டில் மாதிரி இருக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பழையபடி கண்ணை மூடியதில் இன்னும் சந்தோஷம்.

கிளம்புகிற காலையில் அவர்கள் இருவரும் கடை வாசலுக்கு வந்தார்கள். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு துணிப்பை மட்டும் தொங்கியது, மற்ற சாமானெல்லாம் லாரியில் போய்விட்டது. ரப்பர் என் சட்டைப்பையில் இருந்தது. அதைப் பொருத்த அதிக நேரம் ஆகாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி ஷாக்கைக் கழற்றி ரப்பரை மாட்டித் திரும்பப் போட்டுவிடலாம். இவர்கள் எதிர்க் கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை தீர்ந்துவிடும். பையில் கையை விட்டு அதைத் தொட்டுக்கொண்டேதான் நின்றேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் லிஃப்ட்காரர், "மச்சான் சொல்றதும் சரிதான். நீ பஸ்ல வந்துடேன், இடுப்பு வலிக்கப்போகுது. நான் வண்டியில முன்னாடி போயிடுறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னார். மறைக்க மாட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் எனக்காகப் பண்ணுன சீட்டு. நான் உக்காராம வேற யாரு உக்காருவா? கேளுங்க அண்ணனை" என்றாள்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம், பஸ்ஸில் போ என்று நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர் என் கட்சியில் இருந்தார், இரண்டு பேர் சொன்னால் அவளும் கேட்டிருப்பாள். முன்பே ஒரு முறை சொல்லியாயிற்று. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

"உங்க இஷ்டம்" என்றேன்.

தலைக்கவசத்தின் வார் தொளதொளவென்று தொங்கியது. நான்தான் கிட்டே போய் அவள் தாடைக்குக் கீழே இறுக்கிவிட்டேன். பள்ளிக்கூடம் அனுப்பும்போது பை வாரை இறுக்குவேன், அதே மாதிரி. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"வரட்டுமாண்ணே?"

"போயிட்டு வா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் திரும்பி வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

நடந்தது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இறக்கத்தில் வந்து பாலத்தில் ஏறுகிற இடத்தில் தார் உள்வாங்கியிருக்கிறது. வண்டி அதில் இறங்கியது, சக்கரம் மேலே போனது, தடுக்க ரப்பர் இல்லை. டயர் கிழிந்து காற்று ஒரு மூச்சில் போய்விட்டது. லிஃப்ட்காரர் மணலில் விழுந்தார், கை எலும்பு முறிந்தது. அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரின் பக்கம் விழுந்தாள். உங்கள் ஆட்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அறிக்கையில் படித்தேன்.

வண்டியைச் சோதித்த அதிகாரி டயர் வெடித்தது என்று எழுதியிருக்கிறார். வெடிக்கவில்லை. டயரின் நடுவில் நேர்க்கோடாக ஒரு வெட்டு இருக்கும், கத்தியால் கீறினாற்போல். மட்கார்டின் அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. அவள் இருந்திருந்தால் முதலில் அங்கேதான் பார்த்திருப்பாள். அந்த மட்கார்டு போல்ட்டை எப்போதும் தலை கீழே இருக்கும்படி, டயரைப் பார்த்துப் போடுவார்கள். நுனி மேலே போய்விடும். தலை மழுங்கலாக இருப்பதால், எப்போதாவது உரசினாலும் டயருக்குப் பெரிய சேதம் வராது. இந்த வண்டியில் நுனி கீழே பார்த்திருக்கிறது. பழையதைவிட நீளமான போல்ட். நுனியை நான் அரத்தால் தீட்டியிருக்கிறேன்.

ஆமாம். ரப்பரைத் தவிர மற்ற வேலையெல்லாம் சுத்தம் என்று சற்று முன்பு சொன்னேன். அது முழு விவரம் இல்லை.

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. அவரைத்தானே ஒழிக்க நினைத்தாய், உன் தங்கை எப்படி இதில் என்று. அதே கேள்வியைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரைத்தான் நினைத்தேன் என்று பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டால் அவள் பழையபடி கடைக்கு வந்துவிடுவாள், களிமண் வைப்பாள், எனக்குப் பின்னால் உட்காருவாள். நான் அவளைப் பஸ்ஸில் போகச் சொன்னேனே. எல்லாம் சரியாகத்தான் பொருந்துகிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொருந்தவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்ததும் பரீட்சை பார்த்தேன் என்றேன் அல்லவா. கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டுத் தனியாகச் செய்தேன். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், மணல் கொட்டிக் கிடக்கிறது. ஒரு மூட்டை மணலை என் முன்னால், பெட்ரோல் டேங்கின் மேல் கட்டிக்கொண்டேன். நான் ஒல்லி, மூட்டையோடு சேர்ந்தால் லிஃப்ட்காரர் எடை வரும். களிமண்ணை வைத்து, தெருமுனைப் பள்ளத்தில் விட்டு வந்தேன். பார்த்தால் களிமண் வைத்தது வைத்தபடி இருந்தது. ரப்பர் இல்லாமலேயே டயர் அங்கே எட்டவில்லை. அதாவது அவர் தனியாக எத்தனை வருஷம் ஓட்டினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு துணிப்பையைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். அப்போதும் எட்டவில்லை.

அப்புறம் பின்சீட்டுக்கு ஒரு மூட்டை கட்டினேன். இதற்குத் தராசு தேவைப்படவில்லை. ஒரு முறை அவள் மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள், ஆஸ்பத்திரிக்கு நான்தான் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பாரம் என் கையில் அப்படியே இருக்கிறது. மணலை அள்ளிப் போட்டு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன், கூடுதலாகத் தெரிந்தது. கொஞ்சம் கொட்டினேன். மறுபடி தூக்கினேன், குறைந்துவிட்டது. ஒரு கைப்பிடி போட்டேன். அவள்தான் என்று கை சொன்னதும் மூட்டையின் வாயைக் கட்டிப் பின்சீட்டில் உட்கார வைத்தேன்.

பள்ளத்தில் விட்டு வந்து குனிந்து பார்த்தேன். களிமண்ணில் டயரின் தடம் பளிச்சென்று விழுந்திருந்தது. தடத்துக்கு நடுவில் போல்ட் நுனி எட்டிப்பார்த்தது. ஸ்பிரிங்கை இறுக்கினால் அந்தத் தடம் போய்விடும். கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன், போய்விட்டது. திரும்பவும் தளர்த்திப் பழைய நிலைக்கே வைத்தேன். அவள் மெத்தென்று கேட்டிருந்தாள். களிமண்ணைச் சுரண்டி எடுத்து, கையைக் கழுவிவிட்டு, ஷட்டரை உயர்த்தினேன்.

அவள் உட்கார்ந்தால் மட்டும்தான் அந்த வண்டி கெடும். அப்படித்தான் அதை வைத்திருந்தேன். கையெல்லாம் தெளிவாகத்தான் வேலை செய்தது. மனசு மட்டும் அவரை, அவரை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன் தானாக வந்து சொல்கிறாய் என்று கேட்கலாம். ஒரு பாவமும் அறியாத மனிதர் மேல் நீங்கள் வழக்கு எழுதியிருக்கிறீர்கள், கவனக்குறைவாக ஓட்டி மனைவியின் சாவுக்குக் காரணமானார் என்று. அவரும் மறுக்கவில்லை. நிரபராதி ஒருவர் தண்டனை அனுபவிக்கக் கூடாது. அதுதான் காரணம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் நேற்று கடைக்கு வந்தார். கையில் கட்டு. ஆள் பாதியாகிவிட்டார். பின்சீட்டில் அவள் உட்காரும் பழைய வண்டி ஒன்று கடையில் நிற்கிறது, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், பள்ளத்தைப் பாத்தேன் மச்சான். பாத்தும் பிரேக்கைப் பிடிக்கல, புது ஷாக்குதானே தாங்கும்னு விட்டேன். நான்தான் கொன்னேன். என் கையாலயே கொன்னுட்டேன்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றேன்.

"இல்ல மச்சான், நான்தான். வேற யாரும் இல்ல. நான்தான் அவளை..." என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எதிர்க் கடைக்காரரிடமும் சொன்னார். தெருவில் போகிறவர்கள் நின்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். என் கடை வாசலில், என் கண்ணெதிரே, எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவர் வந்தபோது அவள் கண்ணைத் திறந்துகொண்டாள், பேசாமல் இருந்தேன். அவள் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார், பேசாமல் இருந்தேன். அவளை ஊரை விட்டே கூட்டிப்போகக் கிளம்பினார், அதற்கும் நானே வண்டி செய்து கொடுத்தேன். இப்போது இதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்.

எல்லாவற்றையும் அவருக்கே விட்டுக்கொடுக்க முடியாது ஐயா. நீங்கள் எழுதியிருக்கிற அந்தத் தாளில், சாவுக்குக் காரணமானவர் என்ற இடத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். அவளை வளர்த்தவன் நான்.